புதுச்சேரி, கடலூர் சுற்றுலாவுக்கு ஊர் எழுத்து அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் நின்று படம் எடுக்கிற பொருள்களில் ஒன்று தெருப்பெயர்ப் பலகை. நீலத் தகடு, வெள்ளை எழுத்து, பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. இந்த இரண்டில் சுற்றுலாத் தொழில் எடுத்துக்கொண்டது பிரெஞ்சு வரியை மட்டும்தான். கஃபே பெயர், விடுதிப் பெயர், டி-ஷர்ட், ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் என்று எதை எடுத்தாலும் பாரிஸ் சாயலில் ஒரு வளைவெழுத்து இருக்கும். தமிழ் இருந்தால், அது கணினியோடு வந்த ஃபான்டில், கால்வாசி அளவில், கடமைக்கு ஒரு மூலையில் கிடக்கும். தெற்கே கடலூர் போனால் இந்தச் சிக்கலும் இல்லை. அங்கே சுற்றுலா எழுத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை, ஃப்ளெக்ஸ்தான்.

ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், மரபு நடை அழைத்துப் போகிறவர்கள், கொம்யூன் பஞ்சாயத்து, நகராட்சி வேலை எடுத்துச் செய்யும் வடிவமைப்பாளர்கள், டிசைன் படிக்கும் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெயர்ப்பலகை, வழிகாட்டிப் பலகை, நினைவுப்பொருள் ஆகியவற்றில் அந்த ஊருக்கே உரிய சாயலில் வரும் எழுத்தைத்தான் ‘ஊர் எழுத்து’ என்கிறேன். என் கட்சி என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தமிழை முதலில் வரையுங்கள், பிரெஞ்சும் ஆங்கிலமும் அதற்கு இணங்கி வரட்டும். ஃபான்ட் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் ஊரை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

படி 1: யாருடைய அடையாளம்?

ஒரு நாட்டை ஓர் எழுத்தில் காட்டலாம் என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் நல்ல உதாரணம் நியூசிலாந்து. அந்நாட்டுச் சுற்றுலா அமைப்புக்காக உருவான எழுத்துருவுக்கு ‘ப்யூர் பாகாட்டி’ என்று பெயர். பாகாட்டி என்பது மாவோரி மரச் செதுக்கலில் வரும் ஒருவகை வெட்டுக்கோலம். எழுத்துரு வடிவமைப்பாளர் கிரிஸ் சோவர்ஸ்பியோடு மாவோரி செதுக்குக் கலைஞர் ராங்கி கீபாவும் சேர்ந்து அதை உருவாக்கினார். அந்தக் கலையைப் பார்த்து வெளியாள் ஒருவர் வரைந்தது அல்ல அது, அந்தக் கலைக்காரரின் கையும் உள்ளே இருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் செரோக்கி மக்களின் தலைநகரான டாலக்வாவில், செகோயா என்ற செரோக்கிக்காரர் 1821-இல் உருவாக்கி முடித்த செரோக்கி எழுத்துகளைத் தெருப்பலகைகளில் ஆங்கிலத்தோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அங்கே அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை. எழுத்து தெருவில் நிற்பதே போதுமானதாக இருந்தது.

நம் ஊருக்கு வந்தால் கேள்வி கொஞ்சம் சிக்கலாகிறது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்று இணைப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக பிரெஞ்சை முழுக்க வெளியூர்ச் சரக்கு என்று தள்ளவும் முடியாது. பாகூரிலும் வில்லியனூரிலும் கோயில் கல்வெட்டுகள் இருக்கின்றன. முல்லா வீதிப் பக்கம் போனால் பெயர்ப்பலகைகளில் அரபு எழுத்தும் கலந்திருக்கும். கடற்கரைக் குப்பங்களில் படகுப் பெயர்கள். பிச்சாவரம் பக்கம் இருளர் குடியிருப்புகள். இத்தனையையும் ஒரே லோகோவில் அடைத்தால் அது யாருக்கும் சொந்தமில்லாத கதம்பமாகத்தான் வரும்.

அதனால் முதல் வேலை, ஒரே பக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுவது. எந்த இடத்துக்கான எழுத்து இது? அங்கே வாழ்கிறவர்கள் யார்? அவர்களில் யாரிடம் காட்டி ஒப்புதல் வாங்கப் போகிறோம்? மூன்றாவது கேள்விக்கு ஒரு ஆளின் பெயரோ ஒரு குழுவின் பெயரோ எழுத முடியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இருளர் பகுதிக்கு வழிகாட்டிப் பலகை செய்துவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே இருப்பவர்களுக்கு முதன்முதலாக மாட்டுகிற நாளில் தெரிவது அசிங்கம்.

படி 2: ஊரில் ஏற்கெனவே இருக்கும் எழுத்தைச் சேகரியுங்கள்

வேலையில் பாதி நேரத்தை இதற்குக் கொடுக்கலாம். நான்கு இடங்களில் தேட வேண்டும்.

முதலில் மண்ணும் கல்லும். அரியாங்குப்பத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்துகள் உண்டு. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்க்கலாம். பானையில் கூர்முனையால் கீறியதால் அந்த எழுத்துகள் நேர்க்கோடுகளாக, கோணலும் மாணலுமாக இருக்கும். அதற்குப் பல நூற்றாண்டு தள்ளி வரும் பாகூர் மூலநாதர் கோயில் கல்வெட்டுகளுக்குப் போங்கள். வளைவு வந்துவிட்டது, வரிகள் நெருக்கமாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாமல் ஓடுகின்றன, பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. திருபுவனையிலும் திருவாண்டார்கோயிலிலும் இப்படிப் பார்க்கலாம். கடலூர் பக்கம் என்றால் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில், சிதம்பரம்.

கல்வெட்டைப் படம் எடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தேய்க்கக் கூடாது. மாலை இருட்டியதும் ஒரு டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்தால் வெட்டிய பள்ளமெல்லாம் நிழலாக எழும்பும். கோயிலாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மை தடவிக் காகிதத்தில் படியெடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை, அதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

இரண்டாவது, ஓலை. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பெரிய சுவடித் தொகுப்பு ஒன்று உள்ளது. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்தன. அவற்றில் பெரும்பகுதி கிரந்த எழுத்தில் எழுதிய வடமொழி நூல்கள். எழுத்து வடிவத்துக்காகப் பார்க்கிறவருக்கு அதுவும் பாடம்தான். எழுத்தாணி எந்தப் பக்கம் போனாலும் கோட்டின் தடிமன் மாறாது. நேர்க்கோட்டை அழுத்தி இழுத்தால் ஓலை நரம்போடு கிழியும் என்பதால் கை வளைந்து வளைந்து போகும். நம் எழுத்து உருண்டிருப்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் இது. வடிவமைப்பாளருக்கு இதில் நேரடிப் பயன் ஒன்று உண்டு. ரோமன் எழுத்தில் வரும் தடிப்பும் மெலிவும் தமிழ் ஓலையில் கிடையாது. பேனாவும் ஈய அச்சும் வந்த பிறகு சேர்ந்த பழக்கம் அது. எனவே ஒரே தடிமனில் ஓடும் கோடு ‘மாடர்ன்’ என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அச்சு. புதுச்சேரிக்கும் தமிழ் அச்சுக்கும் உள்ள உறவு பழையது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது இங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்கு எடுத்துப் போனார்கள். அது வேப்பேரியில் பாதிரியார் ஃபப்ரீசியுஸ் கைக்குப் போய், அங்கே தமிழ் நூல்கள் அச்சாகின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மிஷன் அச்சகம் இயங்கியது. மூசே, துய்ப்புய் என்ற இரு பாதிரியார்கள் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி அங்கேதான் வந்தது. தமிழும் பிரெஞ்சும் ஒரே பக்கத்தில் எப்படி அருகருகே நிற்கலாம் என்று இன்றைக்குத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள், அந்தக் காலத்து அச்சுக்கோப்பாளர்கள் ஈய எழுத்தை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம். 1908-இல் பாரதி இங்கே வந்த பிறகு ‘இந்தியா’ வார இதழ் புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் உள்ள பாரதி நினைவு இல்லத்தையும், பெருமாள் கோவில் வீதியில் உள்ள பாரதிதாசன் நினைவு இல்லத்தையும் எழுத்து பார்க்கும் கண்ணோடு ஒரு தடவை சுற்றுங்கள்.

நான்காவதுதான் எல்லாரும் தாண்டிப் போவது: பெயின்ட் எழுத்து. பெரிய மார்க்கெட் சந்துகள், செட்டி வீதி, கடலூர் முதுநகரின் பழைய கடைகள், மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினம் கரையில் நிற்கும் படகுகள். எழுபதுகளின் பலகை ஒன்று எங்காவது தப்பிப் பிழைத்திருக்கும். ‘விலை’, ‘சாலை’ என்ற சொற்களில் லகரத்தின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொக்கி ஏறியிருந்தால் அது பழைய எழுத்து என்று உடனே தெரிந்துவிடும்.

இந்தப் பலகையை எழுதுகிறவரின் கையைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். நூலில் சாக்பீஸ் தூள் தடவி, இரண்டு முனையையும் பிடித்துச் சுண்டுவார். பலகையில் கோடு விழும். இரண்டு கோட்டுக்கு நடுவில் எழுத்தின் எலும்பை மட்டும் சாக்பீஸால் லேசாகப் போட்டுக்கொள்வார். இடது கையில் ஒரு குச்சி, குச்சி முனையில் துணிப்பந்து, அது பலகையில் ஊன்றியிருக்கும், அதன்மேல் வலக்கை மணிக்கட்டு. பட்டை பிரஷை எனாமலில் தோய்த்து ‘க’வின் மேல்கோட்டை இழுத்து, வளைவு வரும் இடத்தில் பிரஷை விரலுக்குள் உருட்டுவார். அந்த உருட்டல்தான் அந்த எழுத்துக்கு உயிர். அது கணினியில் எழுத்தை நீட்டினால் வராது. உடல் காய்ந்த பிறகு வலப்பக்கமும் கீழும் ஷேடு. கடைசியில் மெல்லிய பிரஷால் ஓர் அவுட்லைன்.

சேகரிப்பதற்கு நல்ல கேமரா எல்லாம் வேண்டாம், போன் போதும். ஆனால் நேருக்கு நேர் நின்று எடுங்கள். பக்கத்தில் ஆறங்குல ஸ்கேல் ஒன்று வையுங்கள். எந்தத் தெரு, என்ன பொருள்மேல் எழுதியது, யார் எழுதியது என்பதைப் படத்தின் பெயரிலேயே பதிந்துவிடுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

படி 3: ஒரு காலத்தைப் பிடியுங்கள்

சேகரித்ததை மேசையில் பரப்பியதும் எல்லாவற்றையும் கலக்க ஆசை வரும். கலக்காதீர்கள். அரிக்கமேட்டு நேர்க்கோடு ஒரு காலம், சோழர் கல்வெட்டு வேறு காலம், எனாமல் ஷேடு நேற்றைய காலம். ஒரு வேலைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்ந்ததும் எழுத்துச் சீர்திருத்தம் குறுக்கே வரும். பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் பயன்படுத்திய மாற்றங்களைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அப்புறம் ண, ற, ன வரிசையின் ஒகர ஓகார எழுத்துகள் என 13 எழுத்துகள் மாறின. நாற்பதுகளின் கடைப்பலகை போல ஒன்று வரைந்துவிட்டு அதில் இன்றைய ‘லை’ போட்டால் தெரிந்தவர் கண்ணை உறுத்தும். பழைய ‘லை’ போட்டால் பள்ளிப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். வழிகாட்டும் பலகைக்கு எப்போதும் இன்றைய எழுத்து, நினைவுப்பொருளுக்கும் சுவர் ஓவியத்துக்கும் பழைய எழுத்து என்று நான் பிரித்துக்கொள்வேன். ௧, ௨, ௩ போன்ற தமிழ் எண்களுக்கும் இதே விதி. ஹோம்ஸ்டே அறைக்கதவில் அழகாக இருக்கும், ஆனால் பக்கத்தில் 1, 2, 3-உம் வேண்டும். நடுராத்திரியில் சாவியோடு அலைகிறவர் நமக்கு நன்றி சொல்ல மாட்டார்.

ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் பாஸ்க் நாட்டில் பழைய கல்லறைக் கற்களிலும் வீட்டு நிலைக்கற்களிலும் இருந்த எழுத்தை வைத்து ஒரு பாணி உருவானது. இன்று அங்கே உணவகம், பேக்கரி, பெட்டிக்கடை எல்லாம் அதே எழுத்துதான். எல்லா இடத்திலும் வந்தால் எந்த இடத்தையும் குறிக்காது. ரோமன் எழுத்துக்குத் தேவநாகரித் தலைக்கோடு போட்டு ‘இந்திய ஃபான்ட்’ என்று விற்கிறார்களே, அது இன்னும் மோசம். அதே வேலையைத் தமிழில் செய்து, ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சுழி போடுகிற லோகோக்களும் வர ஆரம்பித்துவிட்டன. தமிழே கையில் இருக்கும்போது ஆங்கிலத்துக்கு வேஷம் கட்டுவானேன்?

படி 4: ஊர்ப்பெயரைக் கையால் வரையுங்கள்

முழு எழுத்துரு செய்வது வருடக்கணக்கான வேலை. சுற்றுலாவுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. பெயர்ச்சொல் ஒன்றைச் சரியாக வரைந்து, மீதிக்கு நல்ல ஃபான்ட் ஒன்றைத் துணைக்கு வைத்தால் போதும்.

‘புதுச்சேரி’யை எடுத்துக்கொள்வோம். ஐந்தே எழுத்து. முதல் இரண்டும், ‘பு’வும் ‘து’வும், கோட்டுக்குக் கீழே இறங்குகின்றன. நடுவில் ‘ச்’ தலையில் ஒரு புள்ளி. அப்புறம் ‘சே’யின் இரட்டைச்சுழிக் கொம்பு. கடைசி ‘ரி’ தலைக்கு மேல் ஒரு வளைவு விட்டு முடிகிறது. அதாவது சொல் இடப்பக்கம் கீழே கனத்து, வலப்பக்கம் மேலே எழும்புகிறது. இந்தச் சாய்வைப் பயன்படுத்திக்கொள்ளலாம், சண்டை போடக் கூடாது. ‘பு’வின் வாலை நீட்டி அடியில் ஓடவிட்டால் அதன் மேலேயே சின்ன எழுத்தில் பிரெஞ்சுப் பெயரை உட்கார வைக்க இடம் கிடைக்கும். ‘ரி’யின் வளைவை இழுத்து ‘சே’யின் மேல் கவிக்கலாம். ஆனால் புள்ளியை மட்டும் தொடாதீர்கள். புள்ளியைப் பூவாக்கி, நட்சத்திரமாக்கி, சங்காக்கி, கடைசியில் அது புள்ளி என்றே தெரியாமல் போன பலகைகளைப் பார்த்திருக்கிறேன்.

‘கடலூர்’ வேறு மாதிரி. ‘க’ நிறைந்த எழுத்து, அடுத்து ‘ட’ வெறும் மூலை. ‘ட’வின் மேல் வலப்பக்கம் ஒரு பெரிய ஓட்டை விழும். ‘லூ’வை அந்த ஓட்டைக்குள் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்காவிட்டால் ‘கட லூர்’ என்று இரண்டு சொல்லாகப் படிக்கும். கடைசி ‘ர்’-க்குக் கீழே சாய்வுக் காலைக் கொடுங்கள். கால் இல்லாத ‘ர’வும் துணைக்காலும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும்.

கோலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிக்குக் கோலத்தின் வளைவைக் கொண்டு எழுத்து வரைய எல்லா மாணவர்களும் ஒரு தடவை முயல்கிறார்கள். பத்தில் ஒன்பது படிக்க வராது. கோலத்தைக் கரைப்பட்டையாக வையுங்கள், எழுத்தை எழுத்தாக விடுங்கள்.

படி 5: துணைக்கு ஒரு ஃபான்ட்

இலவசமாக, வணிகத்துக்கும் பயன்படுத்தும்படி ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் நல்ல தமிழ் ஃபான்ட்கள் இப்போது நிறைய. முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை தகவல் பலகைக்கும் வரைபடத்துக்கும் ஏற்றவை. பழைய அச்சு நூல் சாயல் வேண்டுமானால் டிரோ தமிழ். கையெழுத்து போல வேண்டுமானால் கவிவனார், ஆனால் அதில் பத்தி பத்தியாக அடிக்காதீர்கள். அனேக் தமிழ் ஒடுக்கவும் அகட்டவும் வாய்ப்புத் தருகிறது. இதன் அருமை ‘திருப்பாதிரிப்புலியூர்’ என்ற பதினோரு எழுத்தை ஓர் ஒல்லியான அம்புப் பலகையில் அடக்கும்போதுதான் தெரியும். சாதாரண ஃபான்டை இழுத்து நசுக்கினால் சுழிகள் முட்டைக்கண் ஆகிவிடும். ஒடுக்கமாகவே வரைந்த வடிவத்தை எடுங்கள்.

பிரெஞ்சும் போடப்போகிறீர்கள் என்றால் அந்த ஃபான்டில் பிரெஞ்சு எழுத்துகளின் தலைக்குறிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

படி 6: மொழிகளை அடுக்குவது

சண்டை வரும் இடம் இது. யார் மேலே, யார் பெரியவர்?

நான் பின்பற்றும் ஒழுங்கு: தமிழ் மேலே, மற்றவை கீழே, கண்ணுக்கு ஒரே பருமன். ‘கண்ணுக்கு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டுக்கும் 40 பாயின்ட் என்று எண் கொடுப்பதால் சமமாகிவிடாது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆங்கிலத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால் அது கத்தும், தமிழ் முனகும். அதனால் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் முதலெழுத்து மட்டும் பெரிதாக வைத்து, அவற்றின் சின்ன எழுத்துகளைவிட ‘ப’வின் உயரம் ஒரு துளி அதிகமாக வரும்படி அளவை மாற்றி, கண்ணை இடுக்கிப் பாருங்கள். இரண்டு வரியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் சரி.

தமிழ் வரிகளுக்கு இடையில் கூடுதல் இடம் விடுங்கள். மேல் வரியின் ‘ழு’வும் கீழ் வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். எழுத்து அளவைப்போல் ஒன்றரை மடங்கு வரி உயரம் என்று தொடங்கிப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து இடைவெளியை மட்டும் கூட்டவே கூடாது. ஆங்கிலத்தில் அது நாகரிகமாக இருக்கலாம், தமிழில் ‘கொ’வின் மூன்று பாகமும் மூன்று திசைக்குப் போய்விடும். நீண்ட சொல்லை இரண்டாக உடைக்க வேண்டியிருந்தால் ‘திருப்பாதிரிப் / புலியூர்’ என்று பொருள் பிரியும் இடத்தில் உடையுங்கள்.

ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். அழகில்லை என்பார்கள். ஆனால் எந்த மொழிக்காரரும் ஓடும் ரயிலிலிருந்து தன் வரியைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு, இது அடுக்கைப் பற்றி அல்ல, இடத்தைப் பற்றி. தமிழ் எழுத்தைத் தரையில், மிதியடியில், படிக்கட்டின் மிதிபடும் பக்கத்தில் போடாதீர்கள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் இது. தேவார வரியைக் காகித நாப்கினில் அச்சடித்த உணவகம் ஒன்றில், முதியவர் ஒருவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கையைக் கைக்குட்டையில் துடைத்தார். வடிவமைத்தவருக்குத் தெரியாததெல்லாம் வாடிக்கையாளருக்குத் தெரியும்.

படி 7: கணினியில் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

அச்சகத்துக்குப் போன தமிழ் உடைவதற்குக் காரணங்கள் இரண்டுதான். ஒன்று, பழைய முறை ஃபான்ட்களில் தட்டியதை யூனிகோடில் ஒட்டுவது. எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து யூனிகோடிலேயே தட்டுங்கள். இரண்டு, ஃபோட்டோஷாப், இன்டிசைன் போன்ற மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் விடுவது. பத்தி அமைப்புகளில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பு தன் இடத்தில் நிற்கும். இல்லாவிட்டால் ‘சே’யின் கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளிவட்டம் ஒன்று தலைகாட்டும். அச்சகத்தில் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்தாலும் அவசரத்தில் கவனிக்க மாட்டார். ஆகவே இறுதிக் கோப்பில் எழுத்துகளை வடிவமாக மாற்றி அனுப்புங்கள், திருத்தக்கூடிய பிரதியை உங்களிடம் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: பொருளும் ஆளும்

கடற்காற்றில் எது நிற்கும் என்பதுதான் முதல் கேள்வி. சாதாரண இரும்பு கடற்கரைச் சாலையில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்து, காற்றில் கிழியும். சூளையில் சுட்ட எனாமல் தகடு விலை கூடுதல்தான், ஆனால் விளிம்பு உடையாத வரை நிறம் போகாது. அலுமினியத் தகட்டில் கையால் எழுதிய எனாமல் பெயின்ட் நடுவழி. திருகுகள் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். பலகை நன்றாக இருக்க, திருகு துருப்பிடித்து எழுத்தின்மேல் பழுப்புக் கண்ணீர் வடிப்பதைத்தான் ஊரெங்கும் பார்க்கிறோமே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். ஒற்றைக் காலில் நிற்கும் பெரிய பலகையைவிட, சுவரில் பதித்த சின்னப் பலகைகள் நான்கு மேல்.

ஊர்க் கைவினையையும் சேர்க்கலாம். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வீட்டுப் பெயர், அறை எண், தெருமுனைச் சின்னம் போன்றவற்றைச் சுடுமண் ஓட்டில் எழுத்துப் புடைப்பாகச் செய்தால் ஊர் மண்ணிலேயே ஊர் எழுத்து கிடைக்கும். மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும் என்பதால் இறுதி அளவைவிடப் பெரிதாக வரைந்து கொடுங்கள். எவ்வளவு பெரிதாக என்பதை அந்த மண்ணில் வேலை செய்கிறவரிடம் கேளுங்கள், அவர் ஒரு மாதிரி ஓடு சுட்டுக் காட்டுவார். மெல்லிய சுழிகள் ஓட்டில் நிற்காது, எழுத்தைத் தடிப்பாக வையுங்கள். நினைவுப்பொருள், அட்டை, குறிப்பேடு செய்வதென்றால் அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்த காகிதம் ஊரிலேயே கிடைக்கிறது. அதில் சொரசொரப்பு அதிகம், நுண்ணிய எழுத்து சரியாகப் பதியாது.

பெயின்டருக்கு வருவோம். அவருடைய எழுத்தைப் படம் எடுத்து, கோடு போட்டு, ஃபான்ட் ஆக்கி, லோகோவாக விற்றுவிட்டு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பதை மரபுப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் வரைந்தது பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி கலைப்படைப்பாகப் பார்க்கப்படக் கூடியது. எங்கெங்கே பயன்படுத்துவோம், எத்தனை காலம், எவ்வளவு தொகை, பெயர் எங்கே வரும் என்று தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் காலத்துப் பலகைகளின் கீழ் மூலையில் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் குட்டிக் கையெழுத்து இருக்குமே, அந்த இடத்தை உங்கள் பலகையிலும் அவருக்கு விட்டுவையுங்கள்.

படி 9: மாட்டுவதற்கு முன்

காகிதத்தில் உண்மையான அளவில் அச்சடித்து, அட்டையில் ஒட்டி, மாட்டப்போகும் இடத்திலேயே பிடித்துப் பாருங்கள். பலகைத் தொழிலில் சொல்லும் கணக்கு, 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழுக்கு ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால் ‘ண’வின் சுழிகளை எண்ண முடியும். காலை வெயில் கடல்பக்கமிருந்து நேராக அடிக்கும் என்பதால் பளபளக்கும் பரப்பு கிழக்கு முகத்தில் வேண்டாம்.

பிறகு ஆட்களிடம் காட்டுங்கள். ஓர் ஆட்டோக்காரர், ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, கண்ணாடி போட்ட ஒரு பாட்டி, பிரெஞ்சு தெரிந்த ஒருவர், படி 1-இல் பெயர் எழுதி வைத்தீர்களே அவர். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். “இதைப் படிங்க” என்று மட்டும் சொல்லுங்கள். எங்கே திக்குகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு பேர் ஒரே எழுத்தில் திக்கினால் அந்த எழுத்தைத் திரும்ப வரையுங்கள்.

எழுத்துப்பிழையைத் தனியாக ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்று மிகும் இடங்கள், ‘ல’ ‘ள’ ‘ழ’, பிரெஞ்சுத் தெருப்பெயர்களின் தமிழ் வடிவம். துய்மா வீதியை ஒரு பலகையில் ஒரு மாதிரியும் வரைபடத்தில் இன்னொரு மாதிரியும் எழுதினால் வழி கேட்கிறவர் குழம்புவார். எல்லாப் பெயருக்கும் ஒரே பட்டியல் வைத்துக்கொண்டு அதைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள்.

வண்ணம் புதுப்பிக்கிற வேலையை ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் அவசரமாக வைத்துக்கொள்ளாமல் பொங்கல் கழிந்து தை, மாசியில் வையுங்கள். சுவர் காய்ந்திருக்கும், பெயின்ட் பிடிக்கும், பெயின்டருக்கும் அப்போது பொங்கல் வேலை முடிந்திருக்கும். எந்தக் கம்பெனி பெயின்ட், என்ன நிற எண், யார் எழுதியது, அவர் போன் நம்பர் என்ன என்பதை பலகையின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.